முகம் பார்த்து எண்ணிய முப்பது

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது முப்பதக்கா என்றுதான். இளமைக்குக் கிடைத்த பட்டம் இல்லை அது. மடங்காத முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் விடுவார். இருபத்தொன்பதில் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கடைசி ஒன்றைத் தள்ளுபடி செய்ய மாட்டார். ஒண்ணு குறைச்சா குடியா முழுகிடும் என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, எனக்கு முழுகாது, உங்க முட்டிக்கு முழுகும் என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை பிசியோதெரபி. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, நடைபாதை முடிகிற இடத்தில் அவருடைய கூடம். பச்சை ரெக்சின் போர்த்திய நான்கு கட்டில்கள், நடுநடுவே கம்பியில் ஓடும் துணித்திரை, நடை பழக இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகள், எங்கும் போய்ச் சேராத ஒரு சைக்கிள், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரே ஜன்னல். இல்லாதது ஒன்றுதான், கடிகாரம். ஒரு காலத்தில் இருந்தது. கட்டிலில் படுப்பவர்கள் காலை மறந்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, உடம்பை விறைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி அவரே கழற்றிவிட்டார். ஆணி மட்டும் இன்னும் இருக்கிறது. அதில் இப்போது அவருடைய கைப்பை தொங்குகிறது.

கடிகாரம் இறங்கிய நாளிலிருந்து நேரம் அவர் வாய்க்கு வந்துவிட்டது. ஒரு கை கணுக்காலில், ஒரு கை தொடைமேல், கண் மட்டும் நோயாளியின் முகத்தில். கண் காலுக்குப் போகவே போகாது. காலைப் பார்த்தால் என்ன தெரியும், கால் ஊமை என்பார். வாயைக் கேட்டால் அது வக்கீல் மாதிரி, கட்சிக்காரனுக்குத் தகுந்தபடி பேசும். முகம்தான் உள்ளதைச் சொல்லும். புருவம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். உதட்டைக் கடித்தால் அதோடு நிறுத்து. கண் எங்கோ வெறித்தால் உடனே விடு. இந்தப் பாடத்தை அவருக்கு யாரும் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான முகங்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தது.

எண்ணிக்கையிலும் அவருக்குப் பெருமை உண்டு. எலும்பு டாக்டர் ஒருமுறை டீ குடிக்கும் நேரத்தில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்தார். முப்பதக்கா கண்ணை மூடிக்கொண்டு முப்பது எண்ணினார். முள் அரை நிமிடத்தில் அச்சுப் பிசகாமல் நின்றது. அக்கா தொண்டைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு என்று டாக்டர் மாடிக்கு மாடி சொல்லி வைத்தார். அந்தச் சோதனையின்போது எதிரில் யாரும் படுத்திருக்கவில்லை என்பது அப்போது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போது, ஒரே வாரத்தில் இரண்டு முட்டிகள் வந்தன.

முதல் முட்டி ஒரு பஸ் டிரைவருடையது. மழைநாளில் தன் வண்டியிலிருந்தே இறங்கும்போது படியில் வழுக்கி, இடது முட்டிச் சில்லு உடைந்திருந்தது. கூட்ட நெரிசலில் இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், நின்ற வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று டெப்போவில் ஒரே கிண்டல். இரண்டாவது முட்டி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் அம்மாவுடையது. வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் திரை மாட்டும்போது திரையோடு சேர்ந்து இறங்கினார். இருவருக்கும் ஒரே டாக்டர், முட்டிக்குள் எலும்பைச் சேர்க்க ஒரே மாதிரிக் கம்பி, ஏறக்குறைய ஒரே வயது. கட்டிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் ஒரு திரை.

டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது. உங்க ரயில் என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்காம்மா என்று முதல் நாளே ஆரம்பித்தார். வராததைக்கூட மரியாதையா சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம், உங்க பஸ் வரலைன்னா சொல்லக்கூட ஆள் இல்லையே என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. ஆனால் முப்பதக்கா காலைத் தொட்டதும் டிரைவரின் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது. புருவம் முறுக்கி, மூக்கு விடைத்து, பல்லைக் கடித்து, கண்ணில் நெருப்புப் பறக்க, முன்னால் குறுக்கே வந்த லாரிக்காரனைப் பார்க்கிற முகம் வந்துவிடும். ரயிலம்மா அப்படி இல்லை. காலை மடக்கினாலும் நீட்டினாலும் உதட்டில் அதே புன்னகை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க, உங்களுக்கு வலியே இல்லை போல என்று முப்பதக்காவே ஒருநாள் பாராட்டினார். அந்த அம்மா அதற்கும் புன்னகைதான் செய்தார்.

மூன்றாவது வாரம் முடியும்போது ரயிலம்மா நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்து எழுந்தார். டிரைவரின் முட்டி, துருப்பிடித்த கேட் மாதிரி, பாதி வழியில் நின்றுவிட்டது. கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நேற்று எங்கே நின்றதோ இன்றும் அங்கேயே. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் மூன்று வாரம் பார்ப்போம், அதற்குள் வழிக்கு வரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து, தூக்கத்தில் வைத்து மடக்கிவிட வேண்டியதுதான், அதிலும் எலும்பு மறுபடி விட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது என்றார். டெப்போ மேலாளரும் போனில் அன்பாகத்தான் பேசினார். அவசரம் இல்லை, மடங்கலைன்னா டிக்கெட் கவுண்ட்டர்ல நாற்காலி காத்திருக்கு என்றார். அந்த அன்பைத்தான் டிரைவரால் பொறுக்க முடியவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாத கால் இருந்தென்ன, போயென்ன? மற்றவன் ஓட்டுகிற வண்டிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கவா பொறந்தேன் என்று ஒருநாள் முனகினார். அதன்பிறகு ரயிலைக் கிண்டல் செய்வதையும் நிறுத்திவிட்டார்.

முப்பதக்காவுக்கும் புரியவில்லை. அதே கை, அதே எண்ணிக்கை. ஒரு முட்டி கேட்கிறது, ஒரு முட்டி கேட்கவில்லை. சில உடம்பு அப்படி என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, பேக்கரியில் மாவு பிசைந்து களைத்து வந்திருந்த அவர், ஒரே மாவுல ஒரே அடுப்புல வெச்சாலும் ஒரு ரொட்டி உப்பும், ஒண்ணு உப்பாது, விடு என்றார். விட மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நெருப்புக் கண்ணைப் பார்த்து முப்பது எண்ணி முடிப்பதற்குள் மலையைத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. இவ்வளவு நேரம் பிடித்தும் அசையவில்லையே என்றுதான் அவர் நினைத்தார்.

விஷயத்தை உடைத்தது டிரைவரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்பவர், பேச்சில் கணவருக்குச் சளைக்காதவர். வீட்டுக்கு வந்ததும் கணவர் பாடும் ஒப்பாரி அவருக்கு மனப்பாடம். அந்த அக்கா மனுஷியே இல்லை, காலைப் பிடிச்சா கால் மணி நேரம் விடறதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று ஒருநாள் கூடவே வந்து, முதல் ஒன்றிலிருந்து கடைசி முப்பது வரை செல்போனில் வீடியோ எடுத்தார்.

எடுத்த வேகத்தில் முப்பதக்காவிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"அக்கா, இந்த வீரரைப் பாருங்க. கால் மணி நேரம் பிடிச்சாங்கன்னு வீட்டுல ஊரைக் கூட்டுறார். மொத்தமே இருபது செகண்டுகூட முழுசா இல்லை."

முப்பதக்கா சிரித்துக்கொண்டேதான் போனை வாங்கினார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார்.

முப்பது வரை எண்ணியது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. படத்துக்கு அடியில் ஓடும் கோட்டின் ஓரத்தில் நேரம் தெரிகிறது. முப்பது என்ற சொல் வரும்போது அது இருபதைத் தொடவில்லை. போன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான். முதல் நாலைந்து எண்கள் ஒழுங்காக நடக்கின்றன. டிரைவரின் புருவம் சேர்ந்ததும் நடை ஓட்டமாகிறது. இருபதைத் தாண்டியபின் எண்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, பஸ் நின்றதும் முண்டியடித்து இறங்கும் கூட்டம் மாதிரி வருகின்றன.

மூன்றாவது முறை போட்டபோதுதான் படத்தின் ஓரத்தில் இன்னொரு முகம் இருப்பதைக் கவனித்தார். புருவம் முறுக்கி, மூக்கு விடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. அச்சு அசல் டிரைவரின் முகம். ஆனால் அது டிரைவர் இல்லை. அவரேதான்.

இத்தனை வருஷம் மற்றவர் முகத்தையே பார்த்தவர், வேலை செய்யும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்.

முப்பதக்கா அந்த வீடியோவைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, போனை டிரைவரின் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். நாளைக்குக் கொஞ்சம் வர முடியுமாம்மா, ரயிலம்மாவையும் இதே மாதிரி எடுத்துக் கொடுக்கணும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மறுநாள் எடுத்ததில் ரயிலம்மாவின் முப்பது, முப்பதையும் தாண்டிக் கொஞ்சம் நின்றிருந்தது. முப்பதக்காவின் முகம் அதில் ஞாயிற்றுக்கிழமை மாதிரி விச்ராந்தியாக இருந்தது.

ஆக, இரண்டு முட்டிக்கும் ஒரே மருந்து கொடுத்ததாக நினைத்ததெல்லாம் பொய். ஒருவருக்கு முழு அளவு, ஒருவருக்கு அரைகுறை. அதுவும் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைந்திருக்கிறது.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவர் சிரிப்பார் என எதிர்பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வீடியோவை இரண்டு முறை பார்த்தார். இதை ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க அக்கா என்றார். திரையில் முகங்களைக் காட்டி, எவ்வளவு நேரம் காட்டினோம் என்று கேட்பார்களாம். சாந்தமான முகத்தையும் கோபமான முகத்தையும் ஒரே அளவு நேரம் காட்டினாலும், கோபமுகம் அதிக நேரம் நின்ற மாதிரித் தோன்றுமாம். பார்க்கிறவர் முகமும் தன்னை அறியாமல் அதே மாதிரி மாறுவதற்கு இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். பார்க்கிறவர் வாயில் ஒரு பேனாவைக் கடித்துக்கொண்டு, முகம் அசைய முடியாதபடி இருந்தால் அந்த வித்தியாசம் காணாமல் போனதாம். ஏன் இப்படி என்று முழுதாக இன்னும் யாருக்கும் தெரியாது.

"உங்களுக்கு அது இருபதா தெரியலை. நிஜமாவே முப்பதாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "அவருக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாந்திருக்கீங்க."

டாக்டர் சொன்னது ஆறுதல்தான். ஆனால் டிரைவரிடம் யார் சொல்வது? சொல்லாமலே எண்ணிக்கையைச் சரிசெய்துவிடலாம். முப்பது எண்ணுவது முப்பது செகண்டாக இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அன்று மாலை பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த எண்ணம் ஒருமுறை வந்தது. மூன்று வாரமாக அந்த மனிதர் தன் முட்டியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு அடுத்து வந்தது. பஸ் வந்தபோது முதல் எண்ணம் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் டிரைவர் கட்டிலில் ஏறியதும், காலைத் தொடாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டிரைவரின் முகத்தில் அந்தப் பழைய நெருப்பு வரும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் தன் முட்டியைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ என் முட்டி மேல தப்பில்லையா அக்கா?"

"இல்லை தம்பி. என் எண்ணிக்கை மேலதான்."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் ஊசிக்கே பயப்படுகிற கோழை, அதனால்தான் கால் வரவில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாராம். இவ்வளவு நாள் அரைக்கூலி வாங்கிக்கொண்டா என் முட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கு, பரவாயில்லையே, கெட்டிக்கார முட்டிதான் என்றார். முப்பதக்காவுக்கு மூச்சு வந்தது. வைவார் என்று நினைத்த மனிதர் முட்டிக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் எப்படிச் சரிசெய்வது என்ற பிரச்சினை. முதலில் பேனா. டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, முப்பதக்கா பேனாவைக் குறுக்காகக் கடித்தபடி காலைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே மாதிரி உறுமலாக வந்தன. ஏழு எது, எட்டு எது என்று தெரியவில்லை. எலும்பைக் கவ்விய நாய் எண்ணுகிற மாதிரி இருக்கு என்று டிரைவர் சொல்லிவிட்டு, வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தார். சிரிப்பில் தொடை தளர்ந்தது. முட்டி முப்பதக்காவின் கையில் நழுவுகிற மாதிரி கொஞ்சம் இறங்கியது. இருவரும் அதை உணர்ந்தார்கள். ஆனால் தினம் தினம் நாய் வேஷம் போட முடியுமா? இரண்டாம் முறை அந்த வேடிக்கைக்குச் சிரிப்பும் வரவில்லை.

அடுத்து, முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து எண்ணினார். எண்ணிக்கை ஒழுங்காக வந்தது. ஆனால் டிரைவர் உதட்டைக் கடித்ததைக் கவனிக்காமல் அழுத்திவிட்டார். டிரைவர் அலறிய அலறலில் எக்ஸ்ரே அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. முகத்தைப் பார்க்காமல் இந்த வேலை நடக்காது. பிறகு செல்போனில் மணி வைத்தார். கழற்றிய கடிகாரம் வேறு உருவத்தில் திரும்பி வந்த கதைதான். டிரைவர் மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உடம்பெல்லாம் விறைத்தார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயிலம்மாவின் குரல் வந்தது.

"நான் எண்ணட்டுமா? எனக்கு இங்கேருந்து அவர் முகம் தெரியாது. தெரிஞ்சாலும் நான் ரயிலுக்கே அசராத ஆள்."

அப்படித்தான் அந்த ஏற்பாடு ஆரம்பமானது. முப்பதக்காவின் கண் டிரைவரின் முகத்தில், கை காலில். எண்ணிக்கை மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து. ஒவ்வொரு எண்ணும் மூன்றாவது நடைமேடைக்கு வரும் வண்டி மாதிரி, நிதானமாக, ஒரே இடைவெளியில், கடைசி எழுத்தை லேசாக இழுத்துக்கொண்டு வந்தது. முதல் நாள் இருபதைத் தாண்டியபோது முப்பதக்காவே, என்ன இது, இந்த அம்மா தூங்கிட்டாங்களா என்று நினைத்தார். அவர் உடம்பு முழுக்க முப்பது ஆயிடுச்சு, விடு விடு என்று சொல்லியது. கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தக் கடைசிப் பத்து எண்களில் டிரைவரின் நெற்றி வியர்த்தது. முப்பதக்காவின் நெற்றியும் வியர்த்தது. இத்தனை நாள் இந்த மனிதருக்குப் போய்ச்சேராத நேரம் இதுதான் என்பது அவருக்குக் கையாலேயே தெரிந்தது.

அன்று முடிந்ததும் ரயிலம்மாவுக்கு நன்றி சொல்லப் போனார். உங்களுக்கென்னம்மா, வலி தெரியாத உடம்பு என்றார். ரயிலம்மா அதே புன்னகையோடு ஒரு விஷயம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, சிரித்த முகத்தோடு பேசினால்தான் குரல் கேட்க நன்றாக இருக்கும் என்பது. நாலு மணி நேரம் தாமதம் என்று சொல்லும்போதும் சிரிக்க வேண்டும். பழகிப் பழகி, இடித்துக்கொண்டாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

"எனக்கும் உயிர் போற வலிதான் அக்கா. உள்ளுக்குள்ள உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? முப்பதுக்கு மேலயும் பிடிச்சு வெச்சிருந்தீங்க."

முப்பதக்கா அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் உள்ளதைச் சொல்லும் என்று இத்தனை காலம் நம்பியதில் ஒரு பக்கம் அன்று இடிந்தது. ஆனால் இடிந்த இடத்தில் காற்று வந்த மாதிரியும் இருந்தது. அன்றிலிருந்து யார் சிரித்தாலும், உள்ளே எப்படி இருக்கு என்று வாயைத் திறந்து கேட்கும் பழக்கம் அவருக்கு வந்தது. ரயிலம்மாவின் காலுக்கு யார் எண்ணுவது என்ற கேள்வி எழவே இல்லை. திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் எண்ணினார். இருபத்தெட்டு வந்ததும், பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இருபத்தொன்பது சற்றுத் தாமதமாக வரும் என்று வேண்டுமென்றே இழுப்பார். போய்யா, உன் பஸ்ஸுல நான் ஏற மாட்டேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து சாபம் வரும். கிண்டல் திரும்பியதைப் பார்த்த டிரைவரின் மனைவி, மருந்துக்கடையிலிருந்து வரும்போது கூடத்துக்கே பிஸ்கட் வாங்கி வந்தார்.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டர் அளவுகோலை வைத்தபோது டிரைவர் அதைப் பார்க்கவில்லை. முப்பதக்காவின் முகத்தைத்தான் பார்த்தார். முப்பதக்கா அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் டிரைவருக்கு விடை தெரிந்துவிட்டது, அந்த முகத்தில் அவ்வளவும் எழுதியிருந்தது. செங்கோணத்தைத் தாண்டி நன்றாகவே மடங்கியிருந்தது முட்டி. மயக்க மருந்து வேண்டாம், இன்னும் ஒரு மாதம் இதே மாதிரி உழைத்தால் கிளட்ச் என்ன, சைக்கிளே மிதிக்கலாம் என்றார் டாக்டர்.

கூடத்திலிருந்து கிளம்பும் நாளில் டிரைவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆணியில் தொங்கிய கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வீடியோவை நாங்க இன்னும் அழிக்கலை அக்கா. உங்க எண்ணிக்கைக்காக இல்லை. வீட்டுல, டெப்போவுல, எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்னாங்க. சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்த்தாங்க. என்கூடச் சேர்ந்து வலிச்சது உங்க முகம் ஒண்ணுதான். அது அப்படியே இருக்கட்டும். எண்ணிக்கையை வேற யாராவது பார்த்துக்கட்டும்."

முப்பதக்கா வாசல் வரை கூடவே வந்தார். பார்த்து இறங்கு தம்பி, படி ஈரமா இருக்கும் என்றார்.

இன்றும் அந்தக் கூடத்தில் அதுதான் நடைமுறை. எந்தக் கட்டிலில் கால் மடங்குகிறதோ, அதற்குப் பக்கத்துக் கட்டில்காரர் திரைக்குப் பின்னாலிருந்து எண்ணுவார். புதிதாக வருபவர்களுக்கு இது விளையாட்டு மாதிரித் தோன்றும். முகம் தெரியாத ஒருவருக்காக நேரத்தைப் பிடித்துக்கொடுப்பது சின்ன வேலை இல்லை என்று இரண்டாம் நாளே புரிந்துவிடும். முப்பதக்கா இப்போது எண்ணுவதே இல்லை. பெயர் மட்டும் மாறவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை, வேலை முடிந்து ஸ்டாப்பில் நின்றவர் முன்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். வாங்கக்கா என்று குரல் வந்தபோதுதான் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். முன்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார வைத்தார் டிரைவர். பின்னால் யாரோ தாமதத்துக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. டிரைவரின் இடது கால் ஏறியது, கிளட்சை மிதித்தது, இறங்கியது. எந்த இடத்திலும் தயங்கவில்லை. முப்பதக்கா அந்த முட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனையோ பேர் குணமாகிப் போனார்கள், போன பிறகு அந்தக் கால்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கும் பாக்கியம் எவ்வளவு பேருக்குக் கிடைக்கிறது? நெஞ்சு நிறைந்திருந்தது. யாருக்கு நன்றி சொல்வதென்று யோசித்தார். வீடியோ எடுத்த வாய்த்துடுக்கான மனைவிக்கு, சிரித்துக்கொண்டே திட்டிய ரயிலம்மாவுக்கு, வையாமல் விட்ட இந்த மனிதருக்கு.

"அக்கா" என்று கண்ணாடி வழியாகக் கூப்பிட்டார் டிரைவர். "உங்க ஸ்டாப் போயி மூணு ஸ்டாப் ஆச்சு."

முப்பதக்கா திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார். இப்போதுதான் ஏறின மாதிரி இருந்தது.

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?"

"முட்டியையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. முப்பது வரைக்கும் எண்ணி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."